மெக்கன்சி ஊருக்கு எந்த மெக்கன்சியின் பெயர்?

ஹார்ட்ரோடு குமார்:
நண்பர்கள் சேர்ந்து நடத்திய வினாடி வினாவில் ஒரு கேள்வி வந்தது. "கனடாவின் இரண்டாவது பிரதமரின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் கொலம்பியா ஊர் எது?" அட்டையில் இருந்த விடை மெக்கன்சி. எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் பிரின்ஸ் ஜார்ஜில் இருக்கிறேன், அந்த ஊர் இங்கிருந்து வடக்கே சுமார் இரண்டு மணி நேர ஓட்டம். 97ஆம் நெடுஞ்சாலையில் போய் 39இல் திரும்பினால் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிரதமர் இல்லை, படகில் நாட்டைக் கடந்த பயணியின் பெயர் அது என்றுதான் இங்கே சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால் இருவருமே அலெக்சாண்டர் மெக்கன்சி. போதாக்குறைக்கு டொரண்டோவில் ஒரு மெக்கன்சி, பிறகு மெக்கன்சி கிங். யாராவது பிரித்துச் சொல்லுங்களேன்.

பழைய வாத்தியார்:
குமார் தம்பி, நீங்கள் கேள்விப்பட்டதுதான் சரி. ஊரின் பெயர் பயணி மெக்கன்சியுடையது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவேயில் பிறந்தவர், விலங்குத் தோல் வியாபாரி. 1789இல் ஒரு பெரிய ஆற்றைப் பிடித்து இறங்கி ஆர்க்டிக் கடலில் போய் நின்றார். இன்றைக்கு அது மெக்கன்சி ஆறு. 1793இல் மறுபடி கிளம்பி பீஸ் ஆற்றின் மேல்பக்கம் ஏறி, மலை தாண்டி பசிபிக் கரையைத் தொட்டார். பெல்லா கூலா பக்கம் ஒரு பாறையில் தன் பெயரையும், கனடாவிலிருந்து தரைவழியாக வந்ததையும், 1793 ஜூலை 22 என்ற தேதியையும் எழுதிவைத்தார். அமெரிக்காவின் லூயிசும் கிளார்க்கும் இதே போல் மேற்குக் கரைக்குக் கிளம்புவதற்குப் பத்து வருடம் முன்னால். படகில் பத்துப் பேர், ஒரு நாய்.

பீஸ் ஆற்றில் ஏறி வந்தபோது ஆறு இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. வடக்கே ஃபின்லே, தெற்கே பார்ஸ்னிப். பார்த்தால் வடக்குக் கிளைதான் வசதியான வழியாகத் தெரியும். ஆனால் வழியில் சந்தித்த ஒரு பழங்குடிப் பெரியவர், அந்தப் பக்கம் போகாதே, தெற்குக் கிளையைப் பிடி என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதைக் கேட்டுப் பார்ஸ்னிப்பில் திரும்பினார். இன்றைய மெக்கன்சி ஊர் அந்தப் பார்ஸ்னிப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அந்தப் பெரியவரின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை, அது வேறு விஷயம்.

பிரதமர் மெக்கன்சி இவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1822இல் பிறந்தவர். அவரும் ஸ்காட்லாந்துக்காரர், கல் கொத்தனார். 1842இல் கனடா வந்தார். 1873இல் ரயில் ஊழலில் முதல் பிரதமர் மக்டோனால்டின் அரசு கவிழ்ந்ததும் பிரதமரானார். லிபரல் கட்சியின் முதல் பிரதமர். 1878 வரை இருந்தார். ரகசிய வாக்குச்சீட்டு, உச்ச நீதிமன்றம் இரண்டும் அவர் காலத்தில் வந்தவை. சர் பட்டம் கொடுக்க வந்தபோது மூன்று தடவை வேண்டாம் என்றவர். பயணி மெக்கன்சியோ 1802இல் பட்டம் வாங்கிக்கொண்டார்.

வாய்க்கால்:
அப்ப வினா தயாரித்தவர் விக்கிப்பீடியாவில் முதல் வரியோடு நிறுத்திவிட்டார் 😄

சுதுமலையான்:
வாத்தியார் சொன்னதோட ஒண்டைச் சேர்க்கிறன். பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர் அந்தப் பிரதமரின் பெயரை ஒரு ஊருக்கு வைப்பினமா எண்டு யோசிச்சாலே விடை வந்திடும். 1871இல் அந்த மாகாணம் கனடாவோட சேர்ந்தது ரயில் வரும் எண்ட வாக்குறுதியை நம்பித்தான். இரண்டு வருசத்தில் தொடங்கி பத்து வருசத்தில் முடிக்கிறதாப் பேச்சு. வாக்குக் குடுத்தது மக்டோனால்ட். நிறைவேற்ற வேண்டிய நேரம் கதிரையில் இருந்தது மெக்கன்சி. அவர் சிக்கனக்காரர். இது ஆகாத காரியம், அவகாசம் வேணும் எண்டார். மாகாணம் கொதிச்சுது. லண்டனிலிருந்து குடியேற்ற நாடுகளின் அமைச்சர் கார்னார்வன் பிரபு நடுவிலை வந்து 1874இல் ஒரு உடன்பாடு செய்தார், அதுவும் இழுபட்டுது. 1876இல் கனடாவின் ஆளுநர் நாயகம் டஃபரின் மாகாணத் தலைநகர் விக்டோரியாவுக்கு வந்தபோது, உடன்பாட்டை நிறைவேற்று இல்லாட்டில் பிரிஞ்சு போறம் எண்ட அர்த்தத்தில் தெருவில் ஒரு வளைவு கட்டி வைச்சிருந்தாங்கள். அவர் அதுக்குக் கீழாலை போக மாட்டன் எண்டு சுத்திப் போனவர். அந்த மண்ணில் பிரதமர் மெக்கன்சிக்கு ஊர்ப்பெயரோ?

பழைய வாத்தியார்:
நல்ல வாதம் சுதுமலையான். ஆனால் இந்த ஊருக்குப் பெயர் வைத்தது 1966இல். தொண்ணூறு வருடக் கோபம் அதுவரை தாங்கியிருக்காது. பார்ஸ்னிப் வழியாகப் போனவர் பயணி மெக்கன்சி, அதனால் அவர் பெயர். காரணம் அவ்வளவுதான்.

கொத்தனாருக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கிறது. வடமேற்கில் யூகானுக்கும் மெக்கன்சி ஆற்றுக்கும் நடுவில் ஓடுகிற மெக்கன்சி மலைத்தொடர் பிரதமர் மெக்கன்சியின் பெயரில் இருக்கிறது. ஆறு பயணியுடையது, பக்கத்து மலை பிரதமருடையது. வினா அட்டை எழுதுகிறவர்களை மாட்டிவிடுவதற்கென்றே வைத்தது போல் இருக்கிறது.

சுவடிப்பித்தன்:
ஸ்டோர்னோவே என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் மெக்கன்சி சுவடிகளுக்குச் சொந்தக்காரரான காலின் மெக்கன்சியும் அதே ஸ்டோர்னோவேதான்! 1754 வாக்கில் பிறந்தவர், 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவர், 1821இல் இறந்தார். ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கைபீதுகளை, அதாவது ஊர் வரலாறுகளை, எழுதி வாங்கியவர். சென்னை சுவடி நூலகத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பெயர் பழக்கம். ஒருவர் தெற்கே வந்து ஊர்க்கதை சேகரிக்க, இன்னொருவர் மேற்கே போய் நீர்நாய்த் தோல் சேகரித்திருக்கிறார். இருவருக்கும் உறவு உண்டா?

பழைய வாத்தியார்:
அந்தத் தீவில் கல்லை விட்டால் ஒரு மெக்கன்சி மேல்தான் விழும் சார். பயணி மெக்கன்சி 1812இல் கட்டிக்கொண்ட பெண்ணின் பிறந்தவீட்டுப் பெயரும் மெக்கன்சிதான். பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து உறவு சொல்ல முடியாது.

சுதுமலையான்:
எங்கடை டொரண்டோ மெக்கன்சியை மறந்திடாதேங்கோ. வில்லியம் லயன் மெக்கன்சி. டண்டீயில் பிறந்து 1820இல் வந்தவர், பத்திரிகைக்காரர். ஆட்சியில் இருந்த குடும்பங்களைக் கிழிச்சு எழுதினதால் 1826இல் பெரிய வீட்டுப் பெடியள் அச்சகத்தை உடைச்சு அச்செழுத்துக்களை ஏரிக்குள்ளை எறிஞ்சாங்கள். அவர் வழக்குப் போட்டு 625 பவுண் வாங்கினார். அந்தக் காசில்தான் கடன்பட்டிருந்த பத்திரிகை பிழைச்சுது. சட்டசபையால் திரும்பத் திரும்ப வெளியேத்தினாங்கள், சனம் திரும்பத் திரும்பத் தெரிவு செய்து அனுப்பிச்சுது. 1834இல் டொரண்டோவின் முதல் மேயர். 1837 டிசம்பரில் ஆயுதத்தோட கிளர்ச்சி, தோல்வி, அமெரிக்காவுக்கு ஓட்டம், அங்கை சிறை. 1849இல் மன்னிப்புக் கிடைச்சுத் திரும்பி வந்து மறுபடி எம்.பி. பொண்ட் வீதியில் அவர் கடைசியாக இருந்த வீடு இப்ப அருங்காட்சியகம். அச்சு இயந்திரம் ஒண்டும் அங்கை இருக்குது, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

இவற்றை மகளின் மகன்தான் மெக்கன்சி கிங். பேரனுக்கு மெக்கன்சி நடுப்பெயர் மட்டும்தான், குடும்பப் பெயர் கிங். 21 வருசத்துக்கு மேல் பிரதமர், இந்த நாட்டில் அவ்வளவு காலம் வேறை ஆரும் இருக்கேல்லை.

ஆலைக்காரன்:
நான் அந்த ஊரில் வேலை பார்த்தவன். எந்த மெக்கன்சி என்று இவ்வளவு பேர் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் அங்கே சிரிப்பார்கள். ஊரை உண்டாக்கியது எந்த மெக்கன்சியும் இல்லை. டபிள்யூ.ஏ.சி. பென்னெட்.

1952 முதல் 1972 வரை மாகாண முதல்வர். பீஸ் ஆற்றைக் குறுக்கே அடைத்து அணை கட்டினார். அணைக்குப் பின்னால் பள்ளத்தாக்கு முழுக்க நீர் நிற்கப்போகிறது, அதற்குள் இருக்கிற மரத்தை எடுக்கணும், எடுத்ததை அறுக்க ஆலை வேணும், ஆலைக்கு ஆள் வேணும், ஆளுக்கு வீடு வேணும். 1965இல் சட்டத்தைத் திருத்தி, ஆளே இல்லாத காட்டை நகராட்சி ஆக்கலாம் என்று வைத்தார்கள். அடுத்த வருடம் மெக்கன்சி. முதலில் நகராட்சி, பிறகு வீடு, அதற்குப் பிறகு மக்கள். இங்கே அதற்கு உடனடி ஊர் என்றே பெயர். வளைந்து வளைந்து முட்டுச் சந்துகளாகப் போகும் தெருக்கள், நடுவில் கடைவளாகம், ஆலைகளெல்லாம் ஊருக்கு வெளியே. வரைபடத்தில் போட்ட ஊர் என்று பார்த்தவுடன் தெரியும்.

ஊருக்குள் நுழைகிற பெரிய சாலையோரம் மஞ்சள் நிறத்தில் ஒரு ராட்சதம் நிற்கும். மர நொறுக்கி. லெட்டூர்னோ கம்பெனி செய்தது, 175 டன். உலகத்திலேயே பெரியது என்று பலகை போட்டிருக்கிறார்கள். சக்கரத்துக்குப் பதிலாகப் பெரிய எஃகு உருளைகள், உருளை முழுக்கப் பட்டை பட்டையாகக் கத்தி. முன்னால் இருக்கும் சட்டம் மரத்தைத் தள்ளிச் சாய்க்கும், உருளை அதன் மேல் ஏறி நொறுக்கிக்கொண்டே போகும். அணை நீர் வரப்போகிற காட்டைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்தது. பக்கத்தில் நின்றால் அந்தக் கத்தி வரிசை நம் தலைக்கு மேலே போகும். பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்வார்கள்.

நதியா:
ஆலைக்காரன் அண்ணா, நான் நீர்மின் துறையில் இருக்கிறேன், சிலது சேர்க்கிறேன். அந்த இயந்திரத்தால் பள்ளத்தாக்கை முழுசாகச் சுத்தம் செய்ய முடியவில்லை. பெரும்பகுதி மரம் நின்றபடியே மூழ்கியது. பிறகு வேர் பிடுங்கி மேலே வந்து பல வருடம் மிதந்துகொண்டிருந்தது, படகு விடுவதே ஆபத்தாக இருந்தது. அணை 183 மீட்டர் உயரம், சுமார் 2 கிலோமீட்டர் நீளம், மண்ணும் சரளையும் கொட்டிக் கட்டியது. 1961இல் வேலை தொடங்கி 1967இல் முடிந்தது. 1968இல் மின்சாரம் வந்தது. நீர்த்தேக்கம் 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேல்.

இப்போது பெயர்களைப் பாருங்கள். அணைக்கு பென்னெட் பெயர், அவர் முதல்வராக இருக்கும்போதே. தேக்கத்துக்கு ரே வில்லிஸ்டன் பெயர். அவர் பென்னெட்டின் நிலம், காடு, நீர்வள அமைச்சர், அதுவும் பதவியில் இருக்கும்போதே. நிலத்தடி மின்நிலையத்துக்கு மின்வாரியத் தலைவர் கார்டன் ஷ்ரம் பெயர். குமார் அண்ணா தினமும் ஓட்டுகிற 97ஆம் நெடுஞ்சாலையின் அந்தப் பகுதி ஹார்ட் ஹைவே. ஜான் ஹார்ட் 1941 முதல் 1947 வரை முதல்வர். சுற்றிலும் இருப்பதெல்லாம் அரசியல்வாதிகளும் அவர்களுடைய அதிகாரிகளும், ஊர் மட்டும்தான் அரசியலோடு சம்பந்தமில்லாத ஒருவரின் பெயரில் இருக்கிறது.

பழைய வாத்தியார்:
நதியாம்மா, அங்கேயும் ஒரு கொக்கி உண்டு. பயணி மெக்கன்சியும் அரசியல்வாதிதான்! 1804இல் கீழ்க்கனடா (இன்றைய கியூபெக்) சட்டமன்றத்துக்கு ஹண்டிங்டன் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1808 வரை உறுப்பினர் என்று பெயர். ஒரு வருடத்துக்குள் அலுத்துவிட்டது. சட்டம் செய்கிற வேலை போதும்போதும் என்றாகிவிட்டது, என்னை இதில் கொண்டுவந்து சேர்த்த நண்பர்கள் வேறு வேலை பார்த்திருக்கலாம் என்று கடிதமே எழுதினார். 1805இல் லண்டனுக்குப் போனவர் சபைப்பக்கம் தலைவைத்ததாகத் தெரியவில்லை. ஆர்க்டிக் வரை துடுப்பு போட்டவருக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

வாய்க்கால்:
ஆக வினா அட்டையில் "அரசியல்வாதி மெக்கன்சி" என்று மட்டும் போட்டிருந்தால் தப்பித்திருப்பார்.

ஹார்ட்ரோடு குமார்:
இதை நான் எதிர்பார்க்கவில்லை! தினமும் ஓட்டுகிற சாலையின் பெயரே முதல்வர் பெயர் என்றும் எனக்குத் தெரியாது. நான் அதை வைத்துத்தான் இங்கே பெயர் வைத்துக்கொண்டேன் 😅 ஒரு சந்தேகம். உயிரோடு, பதவியில் இருக்கும்போதே தன் பெயரை வைத்துக்கொள்வதை அப்போது யாரும் கேட்கவில்லையா? இன்னொன்று, அந்தப் பள்ளத்தாக்கில் ஆளே இல்லை என்று ஆலைக்காரன் சொன்னாரே, அது சரியா?

ஆலைக்காரன்:
ஊர் இருக்கிற இடத்தில் குடியிருப்பு இல்லை என்று சொன்னேன். பள்ளத்தாக்கைச் சொல்லவில்லை.

நதியா:
பள்ளத்தாக்கில் மக்கள் இருந்தார்கள். த்சே கே டெனே என்ற பழங்குடி மக்கள். ஃபின்லே, பார்ஸ்னிப், பீஸ் மூன்றும்தான் அவர்களுக்குச் சாலை, சந்தை, வேட்டைக்காடு. மெக்கன்சி வழி கேட்டது அந்தப் பகுதி மக்களிடம்தான். 1967 டிசம்பரில் மதகை அடைத்துத் தேக்க ஆரம்பித்தார்கள். நீர் இவ்வளவு தூரம் வரும் என்று பல குடும்பங்களுக்கு ஒழுங்காகத் தெரிவிக்கவே இல்லை. வீடு, கல்லறை, பொறி வைக்கிற பாதை எல்லாம் போயின. ஃபோர்ட் கிரஹாம் என்ற பழைய வணிகக் கோட்டையும் ஃபின்லே ஃபோர்க்ஸ் குடியிருப்பும் மூழ்கின. உறவுக்காரர்கள் ஏரிக்கு இந்தக் கரையும் அந்தக் கரையுமாகப் பிரிந்தார்கள். மேலே வடக்கே க்வாடாச்சா மக்களுக்கு ஆற்றுவழிப் போக்குவரத்தே அறுந்தது.

பிறகும் நிம்மதி இல்லை. குளிர்காலத்தில் மின்சாரத்துக்காக நீரை இறக்குவார்கள். வசந்தத்தில் கரை பல மீட்டர் கீழே போய், அகலமான வண்டல் வெளி காய்ந்து கிடக்கும். காற்று அடித்தால் அந்தத் தூசி அப்படியே எழும்பி ஏரியின் வடகோடியில் இருக்கிற த்சே கே டெனே கிராமத்தின் மேல் போய்விழும். தூசியை அடக்கக் கரையை உழுவது, புல் விதைப்பது என்று வருடா வருடம் வேலை நடக்கிறது. 2008இல் க்வாடாச்சாவோடும் 2009இல் த்சே கே டெனேயோடும் இழப்பீட்டு ஒப்பந்தம் வந்தது. தேக்கி நாற்பது வருடம் கழித்து.

சுதுமலையான்:
நாற்பது வருசம். ஒரு தலைமுறை செத்துப்போயிருக்கும் தங்கச்சி.

ஆலைக்காரன்:
நதியா சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பென்னெட்டை வெறும் வில்லனாக்கிவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. அந்த அணை இன்றைக்கும் மாகாணத்து மின்சாரத்தில் கணிசமான பங்கு தருகிறது. அந்த ஊரில் என்னைப் போலப் பள்ளிப்படிப்போடு நிறுத்தியவர்கள் வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். ஒரு காலத்தில் ஐயாயிரத்துக்கு மேல் ஆள் இருந்த ஊர். 2021 கணக்கெடுப்பில் சுமார் 3,300.

2019இல் ஒரு பெரிய அறுவை ஆலை நின்றது. 2021இல் காகிதக்கூழ் ஆலை இனி திறக்காது என்று அறிவித்தார்கள். வண்டு தின்ற பைன் மரம் ஒரு பக்கம், அறுக்க மரம் கிடைக்காதது ஒரு பக்கம், விலை ஒரு பக்கம். இந்தக் காட்டில் வெட்டுகிற மரத்தை லாரியில் ஏற்றி வேறு ஊர் ஆலைக்குக் கொண்டுபோவதைப் பார்த்து 2019இல் ஊரே கூடிப் பேரணி போனது. முன்பெல்லாம் இந்தக் காட்டு மரத்தை வெட்ட உரிமை வாங்கினால் இங்கேயே அறுக்கணும் என்று கட்டாயம் இருந்தது. 2003 வாக்கில் மாகாண அரசு அதை எடுத்துவிட்டது. எடுத்தவர் பெயரில் ஒரு பலகையும் இல்லை பாருங்கள். அணைக்குப் பெயர் வைத்துக்கொள்வார்கள், இதற்கு வைத்துக்கொள்வார்களா?

பழைய வாத்தியார்:
எனக்கு இந்த இழையிலேயே பிடித்த கேள்வி இதுதான். பெயர் கேட்டு அரசியல்வாதிகள் வரிசையில் நிற்பது கட்டுகிற நாளில்தான்.

ஆனால் குமார் கேட்டதற்கு ஒரு பதில் சொல்லணும். வடக்கை உருவாக்குகிறோம் என்ற பெருமிதம் அன்றைக்குப் பெரும்பான்மையிடம் இருந்தது. பென்னெட்டை அவருடைய இன்ஷியலை வைத்து 'வாக்கி', அதாவது கிறுக்கு, என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள். கேட்டிருக்க வேண்டியவர்கள் த்சே கே டெனே. இந்த மாகாணத்தில் பழங்குடியினருக்கு வாக்குரிமை வந்ததே 1949இல். கூட்டாட்சித் தேர்தலில் 1960இல். அணை வேலை தொடங்கியது 1961இல்.

சுவடிப்பித்தன்:
இவ்வளவு மெக்கன்சிகளில் அந்த மாகாணத்து அரசியல்வாதி ஒருவர்கூட இல்லையா?

சுதுமலையான்:
இருக்கிறார், ஆனால் அவற்றை பெயரை ஊருக்கு வைக்காதது நல்லது. இயன் மெக்கன்சி. வன்கூவர் எம்.பி., மெக்கன்சி கிங்கின் அமைச்சரவையில் இருந்தவர். 1942இல் ஜப்பானிய வம்சாவளிக் கனடியரைக் கரையோரத்திலிருந்து அப்புறப்படுத்த மந்திரிசபைக்குள்ளை முன்னுக்கு நிண்டு நெருக்கினவர். அவற்றை பேச்சுக்களை வாசிச்சால் வயித்தைக் கலக்கும். மெக்கன்சி எண்டு தேடினால் நல்லதும் கெட்டதும் கலந்துதான் வரும், கவனமாப் பிரிச்சுப் பாருங்கோ.

ஹார்ட்ரோடு குமார்:
நன்றி எல்லோருக்கும். வரும் கோடையில் மெக்கன்சி போய் அந்த மர நொறுக்கியைப் பார்த்துவிட்டு அப்படியே அணைக்கும் போகலாமா? ஏரியோரமாகப் போனால் பக்கம்தானே?

ஆலைக்காரன்:
ஏரியோரமாகவா! வரைபடத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் தார்ச்சாலை கிடையாது, மரம் ஏற்றும் லாரிகள் போகிற மண்பாதைதான். வானொலி இல்லாமல் அதில் இறங்கக் கூடாது, எதிரே லாரி வருவது தெரியாது. 39இல் திரும்பி வெளியே வந்து, 97இல் பைன் கணவாய் ஏறிச் செட்விண்ட், அங்கிருந்து 29இல் ஹட்சன்ஸ் ஹோப். ஒரு நாளை அதற்கே ஒதுக்குங்கள். பெட்ரோலை மெக்கன்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நதியா:
அணையில் பார்வையாளர் மையம் கோடையில் மட்டும் திறந்திருக்கும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கட்டுமானக் கதை மட்டும்தான் முன்பு அங்கே இருந்தது. 2016இல் மூழ்கிய மக்களின் பக்கத்தையும் அவர்கள் சொல்லாலேயே சொல்கிற கண்காட்சி ஒன்று வைத்தார்கள், மின்வாரியமும் திறப்பு நாளில் வருத்தம் தெரிவித்தது. அதற்கு ஒரு மணி நேரமாவது வையுங்கள் அண்ணா.

வினாவுக்கும் ஒரு கேள்வி தருகிறேன். மெக்கன்சி ஊருக்குப் பக்கத்தில் தேங்குகிற நீர் கடைசியில் எங்கே போகிறது? பீஸ், பிறகு ஸ்லேவ் ஆறு, கிரேட் ஸ்லேவ் ஏரி, அங்கிருந்து மெக்கன்சி ஆறு, ஆர்க்டிக் கடல். ஃபின்லேயின் தலையிலிருந்து அளந்தால் 4,241 கிலோமீட்டர். 1789இல் அவர் இறங்கியதும் 1793இல் அவர் ஏறியதும் ஒரே நீர்.

வாய்க்கால்:
அதை அடுத்த சுற்றில் நான் கேட்கிறேன். யாரும் விடையை வெளியே விடாதீர்கள்.